ஓய்வூதியர் கேள்வி–பதில்: எண்பதை நெருங்கும்போது எடுத்துப் பார்க்க வேண்டிய காகிதங்கள்

சிற்றூர்களில் 30, 35 ஆண்டுகள் அரசு வேலை பார்த்து, ஏறக்குறைய அதே அளவு காலம் ஓய்வூதியமும் வாங்குகிற தலைமுறையின் கேள்விகள் இவை. கிராம நிர்வாக அலுவலர், வட்டாட்சியர் அலுவலக உதவியாளர், பள்ளி எழுத்தர், பேரூராட்சி வரித்தண்டலர், சுகாதார ஆய்வாளர் என்று வேலை எதுவாக இருந்தாலும், வயது ஏற ஏற எழும் ஐயங்கள் ஒன்றாகவே இருக்கின்றன. பதில்கள், 1.4.2003-க்கு முன் தமிழ்நாடு அரசுப் பணியில் சேர்ந்து பழைய ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பவர்களுக்கு உரியவை.

கேள்வி: கிராம நிர்வாக அலுவலராக இருந்து 2005-ல் ஓய்வு பெற்றேன். ஓய்வூதியக் கொடுப்பாணையில் என் மனைவியின் பெயர் 'மு. சரசு' என்று இருக்கிறது. ஆதாரிலும் வங்கிக் கணக்கிலும் 'சரஸ்வதி'. என் காலத்துக்குப் பிறகு அவளுக்குச் சிக்கல் வருமா?

பதில்: வரும். அதுவும் அவர் தனியாக அலைய வேண்டிய நேரத்தில் வரும். நீங்கள் நடமாட்டத்தோடு இருக்கும்போதே இதை முடித்துவிடுங்கள்.

காரணம் இதுதான். கொடுப்பாணையில், அதாவது எல்லோரும் பி.பி.ஓ. என்று சொல்லும் அந்தப் புத்தகத்தில், மனைவியின் பெயர் சரியாக இருந்தால் குடும்ப ஓய்வூதியத்தைக் கருவூலமே தொடங்கிவிடும். இறப்புச் சான்று, உங்கள் கையில் இருக்கும் பி.பி.ஓ., விண்ணப்பம், புகைப்படம், ஆதார், பான், வங்கிப் புத்தக நகல் இவ்வளவு போதும். ஓய்வூதியத்தை அங்கீகரித்து ஆணை தரும், சென்னையில் உள்ள மாநிலக் கணக்காயர் அலுவலகத்துக்குக் கோப்பு மறுபடி போக வேண்டியதில்லை. பெயர் ஒத்துப்போகவில்லை என்றால் கருவூல அலுவலர் பணம் கொடுக்கத் தயங்குவார்; கொடுத்த பிறகு தணிக்கையில் குறை எழுந்தால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். ஆகவே கோப்பு ஓய்வு பெற்ற அலுவலகத்துக்குத் திரும்பும், அங்கிருந்து கணக்காயருக்குப் போகும். அதுவரை அந்த அம்மா ஒரு ரூபாய் வருமானம் இல்லாமல் உட்கார்ந்திருக்க வேண்டும்.

முதலில் பி.பி.ஓ.வில் குடும்ப ஓய்வூதியம் எழுதியிருக்கும் பக்கத்தைத் திறந்து நான்கு விஷயங்களைப் பாருங்கள்: மனைவியின் பெயர், உறவு, பிறந்த தேதி, இருவரும் சேர்ந்து எடுத்த படம். பிறந்த தேதிக்கான இடம் பலருக்குக் காலியாகவே கிடக்கும். அதற்கு ஏன் மெனக்கெட வேண்டும் என்பதை மூன்றாம் பதிலில் பாருங்கள்.

அடுத்து, எதை எதற்கு ஏற்பத் திருத்துவது என்ற கேள்வி. ஆதார், பான், வங்கி மூன்றிலும் ஒரே பெயர் இருந்து பி.பி.ஓ. மட்டும் விலகி நின்றால், பி.பி.ஓ.வைத்தான் திருத்த வேண்டும். சிலர் அவசரப்பட்டு ஆதாரில் 'சரசு' என்று மாற்றிவிடுகிறார்கள். உடனே வங்கியும் பானும் முரண்படும். தவிர, ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் திருத்த விடுவார்கள். அதை இப்படிச் செலவழிக்க வேண்டாம்.

விண்ணப்பத்தைக் கருவூலத்தில் கொடுத்தால் நடக்காது. கடைசியாக எந்த அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றீர்களோ அங்கேதான் கொடுக்க வேண்டும். இருவரும் கையெழுத்திட்ட கோரிக்கை, பி.பி.ஓ. நகல், ஆதார், வங்கிப் புத்தகம், புதிய கூட்டுப் புகைப்படம், 'சரசு என்பவரும் சரஸ்வதி என்பவரும் ஒருவரே' என்ற உறுதிமொழி ஆகியவற்றை இணையுங்கள். சரசு–சரஸ்வதி போல ஒரே பெயரின் இரு வடிவங்களுக்கு இது பெரும்பாலும் போதும். 'சரசு' என்பது 'மகேஸ்வரி' ஆகியிருந்தால் எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறை மூலம் அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிட்டு அந்த இதழையும் வைக்க வேண்டிவரும்.

இடையில் இன்னொரு முட்டுக்கட்டை உண்டு. நீங்கள் ஓய்வு பெற்றபோது இருந்த வட்டமோ மாவட்டமோ இப்போது இரண்டாகவோ மூன்றாகவோ பிரிந்திருக்கலாம். 2019-ல் திருநெல்வேலியிலிருந்து தென்காசியும், விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சியும், 2020-ல் நாகப்பட்டினத்திலிருந்து மயிலாடுதுறையும் தனி மாவட்டங்களாகின. பழைய பணிப்பதிவேடு எந்த அலுவலகத்து அலமாரியில் இருக்கிறது என்பதை முதலில் எழுத்து மூலம் கேட்டு உறுதி செய்துகொண்டு, விண்ணப்பத்தை அங்கேயே கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். இல்லையென்றால் 'இங்கே இல்லை, அங்கே கேளுங்கள்' என்ற பேச்சிலேயே ஆண்டு ஓடிவிடும்.

கணக்காயரிடமிருந்து திருத்த ஆணை வந்ததோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். பி.பி.ஓ. இரண்டு பகுதிகளாக இருக்கிறது. ஒன்று உங்களிடம், மற்றொன்று கருவூலத்தில். உங்கள் புத்தகத்தில் திருத்தம் ஏறி, கருவூலப் பகுதியிலும் கணினியிலும் பழைய பெயரே நின்றுவிடுவதுதான் அடிக்கடி நேரும் தவறு. ஆணையின் நகலோடு கருவூலத்துக்குப் போய், உங்கள் எதிரிலேயே கணினியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: வயது 81. ஆண்டு நேர்காணலுக்குக் கைரேகை விழுவதே இல்லை. கைப்பேசியில் முகத்தைக் காட்டியே செய்யலாம் என்கிறார்கள். நம்பலாமா?

பதில்: தாராளமாக நம்பலாம். ஓய்வூதியர் உயிரோடு இருக்கிறார் என்பதைக் கருவூலம் ஆண்டுக்கு ஒருமுறை உறுதி செய்வதுதான் இந்த நேர்காணல். மண்ணிலும் கோப்பிலும் உழைத்த விரல்களில் ரேகை தேய்ந்துபோவது இயல்பு. மின்னணு உயிர்வாழ் சான்றான ஜீவன் பிரமாண் 2014 நவம்பரில் வந்தது. முகத்தை வைத்துச் சரிபார்க்கும் வசதி 2021 நவம்பரில் சேர்ந்தது.

ஆண்ட்ராய்டு கைப்பேசி ஒன்றில் இரண்டு செயலிகள் வேண்டும்: ஜீவன் பிரமாண் முகச் செயலி, அதோடு ஆதார் நிறுவனத்தின் 'ஃபேஸ் ஆர்டி'. இரண்டாவது செயலிக்குத் திரையில் படம் எதுவும் தெரியாது. அது பின்னால் இருந்து வேலை செய்யும். அதை நிறுவாமல் விட்டால் முதல் செயலி பாதியில் நின்றுவிடும். முதலில் 'இயக்குபவர்' என்ற இடத்தில் யாருடைய கைப்பேசியோ அவருடைய ஆதார், அலைபேசி எண், மின்னஞ்சல் ஆகியவற்றைக் கொடுத்து, கடவு எண் வாங்கி, அவர் முகத்தைக் காட்ட வேண்டும். இது ஒருமுறை செய்தால் போதும். பேரனோ பக்கத்து வீட்டுப் பெண்ணோ இயக்குபவராக இருக்கலாம். ஒருவரே தெருவில் இருக்கும் அத்தனை ஓய்வூதியருக்கும் செய்து கொடுக்கலாம். அதற்குப் பிறகுதான் உங்கள் ஆதார் எண், பி.பி.ஓ. எண், வங்கிக் கணக்கு எண் ஆகியவை, கடைசியில் உங்கள் முகம்.

படம் பிடிக்கும்போது கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள். வெளிச்சம் முகத்தின் மேல் விழ வேண்டும். சன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் முகம் இருண்டு நிராகரித்துவிடும். கைப்பேசியைக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பிடித்து, செயலி சொல்லும்போது கண்ணை மெல்ல மூடித் திறக்க வேண்டும். புரை அறுவை முடிந்த கண்ணுக்கு இரண்டு மூன்று முயற்சி ஆகலாம், பதற வேண்டாம்.

பெரும்பாலான நிராகரிப்புக்குக் காரணம் முகமோ ரேகையோ அல்ல, தட்டச்சு செய்யும் இடங்கள்தான். ஓய்வூதியம் அளிக்கும் அரசு என்ற இடத்தில் 'மத்திய அரசு' என்று தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். மாநில அரசு, தமிழ்நாடு, பிறகு வழங்கும் முகமையாகக் கருவூலம், அதில் உங்கள் கருவூலம் என்று சரியாக இறங்கி வர வேண்டும். பணம் வங்கிக் கணக்கில் விழுகிறது என்பதற்காக வழங்கும் முகமை என்ற இடத்தில் வங்கியைக் காட்டினால் சான்று எங்கோ போய்ச் சேரும், கருவூலத்துக்கு வராது. குடும்ப ஓய்வூதியம் வாங்கும் அம்மாக்களுக்கு 'மறுமணம் செய்தவரா?', 'மறுபணியில் இருப்பவரா?' என்ற கேள்விகள் வரும். யோசிக்காமல் 'ஆம்' தட்டிவிட்டால் அதுவும் நிராகரிப்பு. பிரமாண் எண் குறுஞ்செய்தியாக வந்ததும் வேலை முடிந்தது என்று எண்ணிவிடாதீர்கள். அந்தச் செய்தி, சான்று உருவாகிவிட்டது என்பதை மட்டும் சொல்கிறது. கருவூலம் ஏற்றுக்கொண்டதா என்பதைத் தனியே பார்க்க வேண்டும்.

கைப்பேசி சரிப்படவில்லை என்றால் தபால்காரரை வீட்டுக்கு அழைக்கலாம். இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கி மூலம் 70 ரூபாய் கட்டணத்தில் வீட்டுத் திண்ணையிலேயே எடுத்துக் கொடுக்கிறார்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. கருவூலத்துக்கு நேரில் போவதற்கும் தடையில்லை.

மாதத்தை மறந்துவிடாதீர்கள். முன்பு எல்லோருக்கும் ஏப்ரல் முதல் ஜூன் வரை என்று இருந்தது. இப்போது நீங்கள் ஓய்வு பெற்ற மாதமே உங்கள் நேர்காணல் மாதம். மே 31-ல் ஓய்வு பெற்றவருக்கு மே. குடும்ப ஓய்வூதியர்கள் தங்களுக்குக் கணினியில் எந்த மாதம் பதிவாகியிருக்கிறது என்பதைக் கருவூலத்தில் கேட்டு, பி.பி.ஓ. உறையின் மேலேயே பெரிதாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தவறவிட்டு ஓய்வூதியம் நின்றுபோனாலும் அந்தப் பணம் பறிபோகாது. நேர்காணல் முடிந்ததும் நிலுவையோடு வரும். ஆனால் மருந்துக் கடைக்காரர் அதுவரை காத்திருக்க மாட்டாரே.

கேள்வி: 80 வயதானால் ஓய்வூதியம் கூடுமாமே. 79 முடிந்து 80 தொடங்கும்போதா, 80 முடியும்போதா? எவ்வளவு வரும்?

பதில்: 80 முடிய வேண்டும். அப்போது அடிப்படை ஓய்வூதியத்தில் 20 விழுக்காடு கூடுதல் ஓய்வூதியம். 85-ல் அது 30, 90-ல் 40, 95-ல் 50, 100 வயதில் 100 விழுக்காடு. ஒன்றின் மேல் ஒன்று ஏறாது. 85 ஆனதும் 20-க்குப் பதிலாக 30 என்று மாறும். இருபதும் முப்பதும் சேர்ந்து ஐம்பது என்று கணக்குப் போட்டு ஏமாந்துவிட வேண்டாம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். அடிப்படை ஓய்வூதியம் 30,000 ரூபாய், அகவிலைப்படி 55 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். 79 வயதில்: 30,000, அகவிலைப்படி 16,500, மருத்துவப்படி 300, ஆக 46,800. 80 முடிந்ததும் கூடுதல் ஓய்வூதியம் 6,000. அகவிலைப்படி இந்த 6,000-க்கும் சேர்த்துக் கணக்கிடப்படுவதால் அது 36,000-த்தில் 55 விழுக்காடு, அதாவது 19,800. மொத்தம் 56,100. பிடித்தங்கள் போகக் கைக்கு வரும் தொகை சற்றுக் குறையும்.

இது தானாக வரும் என்று காத்திருக்க வேண்டாம். கணினியில் பிறந்த தேதி சரியாக இருந்தால்தான் தானாக வரும். ஓய்வு பெற்ற அலுவலருக்குப் பணிப்பதிவேட்டின் தேதி இருப்பதால் தொல்லை குறைவு. குடும்ப ஓய்வூதியம் வாங்கும் மனைவிமார்களுக்குத்தான் இந்த உரிமை அதிகம் தவறிப்போகிறது. இந்தக் கூடுதல் அவர்களுக்கும் உண்டு, அவர்களுடைய சொந்த வயதை வைத்து. பள்ளி செல்லாத அம்மாக்களின் ஆதாரில் பிறந்த ஆண்டு மட்டுமோ, சனவரி 1 என்றோ தோராயமாகப் போட்டிருப்பார்கள், பி.பி.ஓ.வில் எதுவுமே இருக்காது. வாக்காளர் அட்டையில் வேறு வயது. ஆவணத்துக்கு ஓர் வயது இருந்தால் எழுத்தர் எதை எடுப்பார்? அதனால்தான் முதல் பதிலில் பிறந்த தேதியையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னோம். ஆதாரில் பிறந்த தேதியை ஒரே ஒருமுறைதான் மாற்றலாம். நல்ல சான்று கையில் இல்லாமல் அந்த வாய்ப்பைத் தொடாதீர்கள். 80 ஆகும் மாதத்துக்கு இரண்டு மாதம் முன்பே கருவூலத்தில் வயதுச் சான்றோடு ஒரு மனு கொடுத்து ஒப்புகை வாங்கி வையுங்கள்.

கேள்வி: பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதிதான் பணிப்பதிவேட்டில் இருக்கிறது. உண்மையில் எனக்கு 82. பதிவேட்டின்படி 79. சாதகம் இருக்கிறது. மாற்றலாமா?

பதில்: முடியாது. பிறந்த தேதியைத் திருத்தக் கோரும் விண்ணப்பத்தைப் பணியில் சேர்ந்த ஐந்து ஆண்டுகளுக்குள் கொடுத்திருக்க வேண்டும். அந்தத் தேதியை வைத்தே கூடுதலாக மூன்று ஆண்டுகள் பணியாற்றிச் சம்பளம் வாங்கியிருக்கிறீர்கள் என்பதையும் நினைத்துப் பாருங்கள். வழக்கறிஞருக்குச் செலவு செய்ய வேண்டாம்.

கேள்வி: ஓய்வு பெற்றபோது ஓய்வூதியத்தில் ஒரு பங்கைத் தொகுத்து மொத்தமாக வாங்கினேன். 16 ஆண்டு ஆகிறது. பிடித்தம் இன்னும் போகிறது.

பதில்: நிறுத்தியிருக்க வேண்டும். மாநில ஓய்வூதியர் மூன்றில் ஒரு பங்கு வரை தொகுத்துப் பெறலாம். பிடித்தம் தொடங்கிய நாளிலிருந்து 15 ஆண்டு முடிந்தால் முழு ஓய்வூதியம் திரும்ப வர வேண்டும். 30,000-த்தில் 10,000 தொகுத்திருந்தால், இத்தனை நாள் 20,000 குறைத்த ஓய்வூதியமாக வந்தது இனி 30,000.

15 ஆண்டை ஓய்வு பெற்ற தேதியிலிருந்து எண்ணாதீர்கள். தொகுப்புத் தொகை தாமதமாக வந்திருந்தால் பிடித்தமும் தாமதமாகத்தான் தொடங்கியிருக்கும். பி.பி.ஓ.வின் பக்கங்களில் 'குறைக்கப்பட்ட ஓய்வூதியம்' எந்தத் தேதியிலிருந்து என்று கருவூலம் எழுதி முத்திரை வைத்திருக்கும், அதுதான் கணக்கு. அந்தத் தேதிப்படியும் 15 முடிந்திருந்தால், அந்தப் பக்கத்தின் நகலை இணைத்துக் கருவூல அலுவலருக்கு மனு கொடுங்கள். கூடுதலாகப் பிடித்த மாதங்களுக்கு நிலுவை கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

கூடவே ஒன்று: அகவிலைப்படி எப்போதும் தொகுப்புக்கு முந்தைய முழு ஓய்வூதியத்துக்கே. 20,000-த்துக்கு மட்டும் கணக்கிட்டிருந்தால் அது பிழை. தமிழ்நாடு அரசின் 'களஞ்சியம்' கைப்பேசிச் செயலியில் ஓய்வூதியச் சீட்டை இறக்கி, இந்த ஒரு வரியையாவது நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

கேள்வி: பேரூராட்சியில் வரித்தண்டலராக இருந்து ஓய்வு பெற்றேன். மாநிலக் கணக்காயர் அலுவலகத்துக்கு மூன்று முறை எழுதியும் 'எங்களிடம் கோப்பு இல்லை' என்கிறார்கள்.

பதில்: அவர்கள் சொல்வது சரி. நகராட்சி, பேரூராட்சிப் பணியாளர்களின் ஓய்வூதியத்தை அங்கீகரிப்பது கணக்காயர் அல்ல, உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை. செயல் அலுவலர் வழியாக அங்கே எழுதுங்கள்.

கேள்வி: ஓய்வு பெற்ற அரசு ஊழியரான என் தந்தை 12-ஆம் தேதி காலமானார். அந்த மாத ஓய்வூதியம் முழுவதும் கணக்கில் வந்துவிட்டது. காரியச் செலவுக்கு ஏ.டி.எம்.மில் எடுத்துவிட்டோம். தவறா?

பதில்: உங்கள் துயரத்தில் பங்கு கொள்கிறோம். வேண்டுமென்று செய்த தவறு இல்லை. ஆனால் கணக்கைச் சரி செய்தே ஆக வேண்டும். இறந்த நாள் வரைக்கும், அந்த நாளும் சேர்த்து, அவருக்கு ஓய்வூதியம் உண்டு. 13-ஆம் தேதியிலிருந்து உங்கள் அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம். இடையில் கூடுதலாக வந்த நாட்களின் தொகை அரசுக்குத் திரும்ப வேண்டும். அம்மாவின் நிலுவையில் கழித்துக்கொள்ளச் சொல்லிக் கடிதம் கொடுத்தால் கருவூலத்திலேயே பெரும்பாலும் தீர்ந்துவிடும். சொல்லாமல் நான்கைந்து மாதம் தொடர்ந்து எடுத்தால்தான் விவகாரம் முற்றும். வங்கிக் கணக்கை முடக்குவார்கள், வசூல் கடிதம் வரும், அம்மாவின் ஓய்வூதியமும் அதனாலேயே தள்ளிப்போகும்.

செய்ய வேண்டிய வரிசை இது. இறப்பைப் பதிவு செய்து சான்று கைக்கு வர ஒரு வாரம் ஆகலாம். அதுவரை காத்திருக்காமல், ஒரு வெள்ளைத் தாளில் பெயர், பி.பி.ஓ. எண், இறந்த தேதி எழுதிக் கருவூலத்தில் கொடுத்து ஓய்வூதியத்தை நிறுத்தச் சொல்லுங்கள். சான்று வந்ததும் குறைந்தது பத்து நகல் எடுங்கள். அம்மாவுக்கு அவர் பெயரிலேயே வங்கிக் கணக்கு இருக்கிறதா என்று பாருங்கள். அப்பாவோடு சேர்ந்த கணக்கு மட்டும் இருந்தால் தனிக் கணக்கு தொடங்கி, பான் அட்டையையும் வாங்கிவிடுங்கள். பான் இல்லாமல் பல விண்ணப்பங்கள் அந்த ஒரு கட்டத்திலேயே நிற்கின்றன.

பிறகு மூன்று தனித்தனி விண்ணப்பங்கள். ஒன்று, குடும்ப ஓய்வூதியம்: கடைசிச் சம்பளத்தில் 30 விழுக்காடு, அதற்கு மேல் அகவிலைப்படி, எந்த நிலையிலும் அடிப்படை 7,850 ரூபாய்க்குக் குறையாது. இரண்டு, வாழ்நாள் நிலுவை: அப்பாவுக்குச் சேர வேண்டியிருந்து வராமல் போன அகவிலைப்படி நிலுவை போன்றவை. அப்பா நியமனப் படிவம் கொடுத்திருந்தால் அந்தப் பெயருக்கு நேராக வரும். கொடுக்கவில்லை என்றால் வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்று வாங்கி, மற்ற வாரிசுகளின் சம்மதமும் சேர்க்க வேண்டும். மூன்று, ஓய்வூதியர் குடும்பப் பாதுகாப்பு நிதி 50,000 ரூபாய். மாதாமாதம் அப்பாவின் ஓய்வூதியத்தில் இதற்கென்று சந்தா பிடித்திருப்பார்கள். கேட்காத குடும்பத்துக்கு இதை யாரும் வீடு தேடி வந்து கொடுப்பதில்லை. கேட்டு வாங்குங்கள், இது சலுகை அல்ல, அவர் கட்டிய பணம்.

கேள்வி: மகனுக்கு வயது 44, பிறவியிலேயே மனவளர்ச்சிக் குறைபாடு. எங்கள் இருவருக்குப் பிறகு அவனுக்கு ஓய்வூதியம் கிடைக்குமா? திருமணமாகாத மகளும் இருக்கிறாள்.

பதில்: கிடைக்கும், இருவருக்குமே வழி இருக்கிறது. ஆனால் இங்கே கருவூலம் தானாக எதுவும் செய்யாது, பி.பி.ஓ.வில் மனைவிக்கு அடுத்த பெயரே இருக்காது. பிள்ளைகளுக்குப் பொதுவான வரம்பு 25 வயது. தானாகச் சம்பாதிக்க இயலாத மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு வாழ்நாள் முழுவதும் உண்டு. திருமணமாகாத, கணவரை இழந்த, மணமுறிவு பெற்ற மகளுக்கும், சார்ந்து வாழ்பவர் என்ற நிபந்தனையோடும் வருமான வரம்போடும், 25-க்குப் பிறகும் உண்டு. ஒரே நேரத்தில் இருவருக்கும் வராது; வரிசைப்படிதான்.

மகனுக்காக நீங்கள் இருவரும் இருக்கும்போதே முடிக்க வேண்டியவை மூன்று. மருத்துவக் குழுவின் சான்று, அதில் 'தன் பிழைப்புக்குச் சம்பாதிக்க இயலாதவர்' என்ற வாசகம் தெளிவாக இருக்க வேண்டும். குறைபாட்டின் விழுக்காடு மட்டும் போட்ட சான்றைத் திருப்பி அனுப்புவார்கள். அடுத்து, சட்டப்படியான பாதுகாவலர். மனவளர்ச்சிக் குறைபாடு, மூளை முடக்குவாதம், ஆட்டிசம், பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்கு 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியரைக் கொண்ட உள்ளூர்க் குழுவில் பாதுகாவலரை நியமிக்கலாம்; நீதிமன்றம் போக வேண்டியதில்லை. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனு கொடுங்கள். மூன்றாவது, ஓய்வு பெற்ற அலுவலகத்தில் குடும்ப விவரப் பட்டியலில் மகனின் பெயரைக் குறைபாட்டு விவரத்தோடு ஏற்றச் சொல்லி எழுத்து மூலம் கேட்பது. பெற்றோர் இருவரும் போன பிறகு, அந்தப் பிள்ளைக்காக அத்தையோ சித்தப்பாவோ பழைய அலுவலகத்தில் போய் 'இப்படி ஒரு மகன் இருந்தான்' என்று நிரூபிப்பதுதான் எல்லாவற்றிலும் கடினமானது. இதை இந்த மாதமே தொடங்குங்கள்.

கேள்வி: மருத்துவக் காப்பீட்டில் மகனையும் சேர்க்கலாமா?

பதில்: ஓய்வூதியர் திட்டத்தில் நீங்களும் உங்கள் துணைவரும் மட்டுமே. 2022 ஜூலையில் தொடங்கிய நான்காண்டுத் திட்டத்துக்கு மாதம் 497 ரூபாய் ஓய்வூதியத்தில் பிடித்தார்கள். அட்டையில் துணைவரின் பெயரும் படமும் சரியாக இருக்கிறதா என்று நல்ல உடம்போடு இருக்கும்போதே பாருங்கள். மருத்துவமனையில் சேர்ந்த அன்றே காப்பீட்டுப் பிரிவில் அட்டையைக் கொடுத்து முன் அனுமதி கேட்கச் சொல்லுங்கள். பணம் கட்டி முடித்து வீட்டுக்கு வந்த பிறகு கேட்டால் இழுபறிதான். கண்புரை போன்ற சிலவற்றுக்குத் தனி உச்சவரம்பு உண்டு.

கேள்வி: குடும்ப ஓய்வூதியத்துக்கும் வருமான வரியில் நிலைக்கழிவு உண்டா?

பதில்: ஓய்வூதியத்துக்கு உள்ள நிலைக்கழிவு, அதாவது வரிக் கணக்கில் பொதுவாகக் கழிக்கும் நிலையான தொகை, அதற்கு இல்லை. குடும்ப ஓய்வூதியம் 'பிற வருமானம்' என்ற தலைப்பில் வரும்; அதில் மூன்றில் ஒரு பங்கு, அல்லது பழைய வரி முறையில் 15,000 ரூபாய், புதிய வரி முறையில் 25,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அது கழியும். ஓய்வு பெற்றபோது வாங்கிய பணிக்கொடைக்கும் தொகுப்புத் தொகைக்கும் அரசு ஊழியருக்கு வரி இல்லை.

கேள்வி: பி.பி.ஓ. கிழிந்துகொண்டே வருகிறது. லேமினேட் செய்து வைக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். கருவூலம் அதில் இன்னும் எழுத வேண்டியிருக்கிறது: தொகுப்பு மீட்பு, 80 வயதுக் கூடுதல், பிறகு குடும்ப ஓய்வூதியம் தொடங்கிய தேதி, ஒவ்வொன்றுக்கும் கையெழுத்தும் முத்திரையும். பிளாஸ்டிக்கின் மேல் மையும் நிற்காது, முத்திரையும் பதியாது. பக்கம் பக்கமாகத் தெளிவாக ஒளிநகல் எடுத்து ஒரு பிரதியை மகள் வீட்டிலோ மகன் வீட்டிலோ வையுங்கள். அசலைத் துணி உறையில் போட்டு, கரையான் ஏறாத இரும்புப் பெட்டியில் வைத்து, அது எங்கே இருக்கிறது என்பதை மனைவியிடம் சொல்லி வையுங்கள். ஏற்கெனவே தொலைத்துவிட்டவர்கள் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்றோடு கருவூலத்துக்குப் போனால், அங்கே இருக்கும் மறுபகுதியை வைத்து இரட்டைப்படி கேட்க வழி இருக்கிறது.